வலது இருக்கை - 14: தாப்பாவில் வந்த அழைப்பு

முத்தம்மா அன்று பள்ளிக்கூடக் கேண்டீன் வேலைக்கு லீவு சொல்லிவிட்டாள். ஒன்பது வருடத்தில் அவள் லீவு போட்டது இதோடு மூன்று முறை. ஒரு முறை பல் பிடுங்க. ஒரு முறை மகன் பவித்ரனின் கல்யாணத்துக்கு. இன்று மருமகளுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுக்க.

"ரெண்டு பொட்டலம் போதும் அத்தே. போற வழியில எல்லாம் கிடைக்கும்லா," என்றாள் பிரமிளா.

"வழியில கிடைக்கிறது உனக்கு ஒத்துக்காது. பரீச்சை நாள்ல வயிறு கலங்கினா ப்ளேனை யாரு பிடிக்கிறது?"

"அது நிஜ ப்ளேன் இல்ல அத்தே. பெரிய பெட்டி மாதிரி இருக்கும். உள்ள உட்கார்ந்து ஓட்டணும்."

"பெட்டியோ ப்ளேனோ, வயிறு ஒன்னுதானே."

போன வியாழக்கிழமை அந்தப் பெட்டிக்குள் நடந்ததைப் பிரமிளா அத்தையிடம் சொல்லவில்லை. பவித்ரனுக்கு மட்டும்தான் தெரியும்.

விமானம் ஓட்ட உரிமம் வாங்கிவிட்டு ஆறு வருடம் ஈப்போவில் ஒரு தொலைபேசி நிறுவனத்தின் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவள் அவள். சுபாங் விமான நிலையத்திலிருந்து சின்ன ஊர்களுக்கு எழுபது பேர் ஏறும் விமானங்களை விடும் நிறுவனம் ஒன்று மூன்று மாதத்துக்கு முன்பு அவளைத் துணை விமானியாக எடுத்தது. வகுப்புப் பாடங்கள் எல்லாவற்றிலும் தேறினாள். கடைசித் தேர்வு சிமுலேட்டரில். அதில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த கேப்டன் வேண்டுமென்றே விமானத்தின் வேகத்தைக் குறைய விட்டார். பிரமிளா அதைப் பார்த்தாள். ஒரு தடவை மெல்லச் சொன்னாள். பிறகு அவரே சரிசெய்துகொள்வார் என்று காத்திருந்தாள்.

தேர்வாளர் கேப்டன் லிம் தாளில் எழுதியது இரண்டே வாக்கியம். 'பார்க்கிறார். சொல்லத் தயங்குகிறார்.'

மறுதேர்வு ஒரு முறைதான். அது இன்று. இதிலும் தவறினால் வேலை அதோடு முடிந்தது.

மாடியிலிருந்து பவித்ரன் அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். பாதிப் படியில் நின்றான். ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இரண்டு மூச்சு விட்டான்.

"என்ன பவி?"

"முழங்கால்லா. வயசாயிடுச்சு," என்று சிரித்தான். அவனுக்கு முப்பத்திரண்டு வயது.

ஈப்போவை அடுத்த செம்மோரில் பழைய ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டிய தாமான் குடியிருப்பில் அவர்களுடைய வீடு. முத்தம்மா வாசல்வரை வந்து, கார் முனையில் திரும்பும்வரை நின்றாள். ஏழே முக்கால் மணி. பதினொன்றரைக்குள் சுபாங் போய்ச் சேர வேண்டும்.

*

பிரமிளாவும் பவித்ரனும் ஒரே விமானப் பள்ளியில், ஒரே வகுப்பில் படித்தவர்கள். வகுப்பில் முதல் மதிப்பெண் எப்போதும் அவனுக்குத்தான். புரியாத பாடத்தை அவளுக்கு விளக்கிச் சொல்லிச் சொல்லியே காதலும் வந்தது. வேலை மட்டும் அவளுக்கு முதலில் வந்தது. பவித்ரன் ஒரு கூரியர் கிடங்கில் சூப்பர்வைசராக இருந்தான். அவளுடைய நிறுவனம் எடுக்கப்போகும் அடுத்த அணி விமானிகளுக்கான நேர்முகத்துக்கு அவனையும் கூப்பிட்டிருந்தார்கள். இன்னும் மூன்று வாரம் இருந்தது.

ஒரு நாள்கூட அவன் முகம் சுளித்ததில்லை. போன ஒரு வாரமாக, வேலை முடிந்து வந்ததும் அலமாரிக் கதவில் ஒட்டியிருந்த காக்பிட் படத்துக்கு முன்னால் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியைப் போடுவான். இடது நாற்காலியில் அவன் கேப்டன். வலதில் அவள்.

இப்போதும் கார் ஓட்டியபடியே கேட்டுக்கொண்டு வந்தான். சுண்ணாம்புக் குன்றுகள் பின்னால் போயின.

"நான் பேசாம உட்கார்ந்திருக்கேன். வேகம் குறையுது. என்ன பண்ணுவே?"

"ஸ்பீட்னு சொல்வேன்."

"எனக்குக் காது கேக்கல."

"திரும்பச் சொல்வேன். சத்தமா."

"அப்பவும் கேக்கல."

பிரமிளா ஜன்னல் பக்கம் திரும்பினாள். "கண்ட்ரோலை நான் எடுத்துக்குவேன்."

"இப்படி முணுமுணுத்தா கேப்டன் லிம்முக்குக் கேக்காது பிள்ளே."

இரண்டு பேரும் சிரித்தார்கள்.

நெடுஞ்சாலையோரம் இருந்த தாப்பா ஓய்வுத்தலத்தில் காரை நிறுத்தினான். கோப்பி வாங்கி வருகிறேன் என்று இறங்கிப் போனான். அவனுடைய கைப்பேசி காரிலேயே சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. ஐந்து நிமிடம் ஆகியிருக்காது, மணி அடித்தது. ஈப்போ எண். கிடங்கிலிருந்துதான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து எடுத்தாள்.

ஒரு பெண் மலாயில் பேசினாள். இருதயச் சிகிச்சை மையத்தின் தாதியாம். பவித்ரனுக்கு இன்று எட்டரை மணிக்கு ஸ்கேன் இருந்தது, ஏன் வரவில்லை என்று கேட்டாள்.

"நான் அவர் மனைவி. என்ன ஸ்கேன்?"

அந்தப் பக்கம் தாதி கொஞ்சம் தயங்கினாள். பிறகு, மனைவி என்றால் சொல்லலாம் என்று முடிவு செய்தவள் போலப் பேசினாள். விமானிகளுக்கான மருத்துவச் சோதனையில் எடுத்த ஈசிஜியைப் பார்த்துவிட்டு அந்த டாக்டர்தான் இங்கே அனுப்பியிருக்கிறார். தள்ளிப் போடக் கூடாது என்று கடிதத்தில் எழுதியிருக்கிறார். நாளைக் காலை எட்டரைக்கு ஒரு இடம் காலியாக இருக்கிறது. அதை விட்டால் நிபுணர் வெளிநாடு போகிறார், அடுத்த மாதம்தான்.

"வருவார். நாளைக்கு எட்டரைக்கு எழுதிக்குங்க," என்றாள் பிரமிளா. தன் குரல் இவ்வளவு நிதானமாக வந்ததே என்று அவளுக்கே வியப்பாக இருந்தது.

கைப்பேசியைப் பழைய இடத்தில் வைத்தாள். போன மாதம் மருத்துவச் சோதனைக்குப் போய் வந்தவன், 'முடிஞ்சுது, எல்லாம் ஓகே' என்று சொன்னது நினைவுக்கு வந்தது. அன்று இரவு உணவுக்கு அவன்தான் மீ கோரேங் நூடுல்ஸ் வாங்கி வந்தான். அவளுடைய தட்டில் ஓர் இறால் கூடுதலாக வைத்தான்.

கண்ணாடிக்கு வெளியே பவித்ரன் இரண்டு கோப்பியோடு வந்துகொண்டிருந்தான். கூட்டமில்லாத இடத்திலும் மெதுவாக நடந்தான். நெற்றியில் வியர்வை.

"போன் அடிச்சுச்சா? அங்கேருந்து பார்த்தேன், நீ பேசிட்டிருந்தே."

பிரமிளா வாயைத் திறந்தாள்.

"உன் கிடங்குலேர்ந்துதான். ஏதோ பார்சலாம். நீ லீவுன்னு சொல்லிட்டேன்."

ஏன் பொய் சொன்னோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. தேர்வு முடியட்டும், பிறகு பேசிக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். கார் மறுபடி நெடுஞ்சாலையில் ஏறியது.

சிலிம் ரிவர் அறிவிப்புப் பலகை வந்தபோது அவளுக்குப் பொறுக்கவில்லை.

"பவி, நான் ஓட்டட்டா?"

"நீ பரீச்சைக்குப் போறவ. கண்ணை மூடிட்டுச் சாஞ்சுக்க."

"சரி," என்றாள்.

கண்ணை மூட முடியவில்லை. நூற்றுப்பத்தில் ஓடும் காரில், ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவனுடைய கையைப் பார்த்தபடியே சுபாங்வரை வந்தாள்.

*

சிமுலேட்டர் உண்மையில் ஒரு பெட்டிதான். நீளமான இரும்புக் கால்களில் நிற்கும் வெள்ளைப் பெட்டி. உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டால் அது விமானம். ஆடும், குலுங்கும், ஜன்னலில் மழை பெய்யும்.

இடது இருக்கையில் கேப்டன் ரஸ்லான். முப்பது வருடம் பறந்தவர். மென்மையான மனிதர். பின்னால் கேப்டன் லிம், மடியில் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஐம்பதைத் தாண்டிய ஒல்லியான பெண். ஒரு வார்த்தை அதிகம் பேசமாட்டாள்.

முதல் இரண்டு மணி நேரம் ஒழுங்காகப் போயிற்று. ஓடுபாதையிலேயே ஓர் எஞ்சினை நிறுத்தினார்கள். பிரமிளா விமானத்தை நேராகப் பிடித்து மேலே ஏற்றினாள். புகை வந்தது. முகமூடி மாட்டினாள். செய்ய வேண்டியதை வரிசை மாறாமல் செய்தாள்.

பிறகு மழையில் ஒரு தரையிறக்கம். கேப்டன் ரஸ்லான் ஓட்ட, அவள் கருவிகளைக் கவனிக்க வேண்டும். ஓடுபாதை விளக்குகள் மேகத்துக்குக் கீழே மங்கலாகத் தெரிந்தன. ஆயிரம் அடி. ரஸ்லான் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். எண்ணூறு. முணுமுணுப்பு நின்றது.

வேகத்தைக் காட்டும் கோடு இறங்கத் தொடங்கியது.

"ஸ்பீட்," என்றாள் பிரமிளா.

ரஸ்லான் முன்னால் பார்த்தபடி இருந்தார். கை எஞ்சின் விசையைக் கூட்டும் நெம்புகோலின் மேல்தான் இருந்தது. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"கேப்டன், ஸ்பீட் குறையுது."

பதிலில்லை. அறுநூறு அடி.

பழைய நினைப்பு ஓடி வந்தது. முப்பது வருடம் ஓட்டியவர், அவருக்குத் தெரியாதா, இதோ சரிசெய்யப் போகிறார். அதே நொடியில் அவளுக்குத் தோன்றியது, இப்படித்தானே காலையில் நூறு கிலோமீட்டருக்கு மேல் வாயை மூடிக்கொண்டு வந்தோம் என்று. பயம் இல்லை. கோபம். தன் மேலேயே கோபம்.

"ஐ ஹேவ் கண்ட்ரோல்."

குரல் பெட்டி முழுக்கக் கேட்டது. நெம்புகோலை முன்னால் தள்ளி, விமானத்தின் மூக்கைத் தூக்கி, தரையிறங்காமல் மேலே ஏற்றினாள். அழகாக ஒன்றும் நடக்கவில்லை. விமானம் ஒரு பக்கம் சாய்ந்தது. சக்கரங்களை உள்ளே இழுக்க மறந்து ஐந்தாறு விநாடி கழித்துத்தான் இழுத்தாள். கட்டுப்பாட்டுக் கோபுரத்தை அழைத்து, கேப்டனுக்கு உடம்பு சரியில்லை, மருத்துவ உதவி வேண்டும் என்று சொன்னபோது நாக்கு குழறியது. ஆனால் சொன்னாள்.

விளக்குப் போட்டார்கள். ரஸ்லான் இருக்கையில் நெளிந்து உட்கார்ந்து, "செத்துப் போன மாதிரி நடிக்கிறதுதான் கஷ்டம். மூக்கு அரிக்கும்," என்றார்.

பக்கத்து அறையில் கேப்டன் லிம் தாளைப் பார்த்தபடி பேசினாள். "சக்கரம் தாமதம். சாய்வு அதிகம். கோபுரத்தோடு பேசினது மோசம். இதெல்லாம் பழகினா வந்துடும்." பேனாவை மூடினாள். "விமானத்தைக் கையில எடுத்துக்கிட்டே. அதை நான் சொல்லிக் குடுக்க முடியாது. பாஸ்."

பிரமிளா நன்றி சொன்னாள். வெளியே வந்து கழிவறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு கார் நிறுத்துமிடத்துக்கு நடந்தாள்.

*

தூரத்திலிருந்தே அவள் முகத்தைப் பார்த்துவிட்டான் பவித்ரன். காரிலிருந்து இறங்கி நின்றான்.

"பாஸா?"

தலையாட்டினாள். அவன் காரின் கூரையை இரண்டு தட்டுத் தட்டினான். கண்கள் ஈரமாகிவிட்டன. அந்தச் சந்தோஷத்தில் துளி கலப்படம் இல்லை. அதுதான் அவளை இன்னும் வருத்தியது.

"அம்மாகிட்ட சொல்லுவோம். காலையிலேருந்து மூணு தடவை போன் பண்ணிடுச்சு."

"பவி, தாப்பாவுல வந்த போன் உன் கிடங்குலேருந்து இல்ல."

அவன் கை கைப்பேசியின் மேல் அப்படியே நின்றது.

"ஹார்ட் சென்டர்லேருந்து. எட்டரை மணிக்கு நீ அங்கே இருந்திருக்கணும். என்னைக் கூட்டிட்டு வர்றதுக்காக அதை விட்டியா, இல்ல, அதை விடறதுக்காக என்னைக் கூட்டிட்டு வந்தியா?"

"இன்னைக்கு உன் நாளு. இந்தப் பேச்சு வேணாம்."

"இன்னைக்குத்தான் பேசணும்."

"மெதுவாப் பேசு. ஆளுங்க பார்க்கிறாங்க."

"பார்க்கட்டும். படியில நிக்கிறியே, அது முழங்கால் இல்லல்ல?"

அவன் கார்க் கதவில் சாய்ந்தான்.

"இல்ல."

"எத்தனை நாளா?"

"தீபாவளிக்கு முன்னாடிலேருந்து. எப்பவாவதுதான். படி ஏறினா, பாரம் தூக்கினா." நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "பழைய மெடிக்கல் சர்டிபிகேட் இன்னும் அஞ்சு வாரம் செல்லும் பிரமிளா. இன்டர்வியூ மூணு வாரத்துல. அது முடிஞ்ச பிறகு போலாம்னு இருந்தேன். இப்பப் போனா தகுதி இல்லன்னு எழுதிடுவாங்க. எழுதினா முடிஞ்சுது. போகாத வரைக்கும் நான் இன்னும் பைலட்லா."

பிரமிளா வழி நெடுகச் சேர்த்து வைத்திருந்த கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பக்கத்தில் போய் அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு ஒவ்வொரு பாடமும் சொல்லிக் குடுத்தது நீ. அதை எந்த டாக்டரும் அழிக்க முடியாது. ஆனா நீ ரோட்டுல விழுந்தா நான் என்ன பண்ணுவேன்? சொல்லு."

அவன் கார்ச் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தான்.

"நாளைக்குக் காலையில எட்டரை. நானும் வாரேன்," என்றாள்.

அதைச் சொல்லி முடிக்கவும் அவளுடைய கைப்பேசி அடித்தது. பயிற்சி அலுவலகம். வாழ்த்துச் சொன்னார்கள். பிறகு விஷயத்துக்கு வந்தார்கள். நாளைக் காலை ஏழு மணிக்குப் பயணிகள் இல்லாத நிஜ விமானத்தில் தரையிறக்கப் பயிற்சி இருக்கிறது. அதை முடித்த பிறகுதான் பயணிகளோடு பறக்கலாம். ஒருவருக்குக் காய்ச்சல், ஓர் இடம் காலி. பிரமிளா வரலாம். அடுத்த விமானம் எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது. மூன்று வாரம் ஆகலாம், இரண்டு மாதமும் ஆகலாம். பறப்பதற்கு முன் பன்னிரண்டு மணி நேரம் ஓய்வு கட்டாயம், அதனால் இன்று ராத்திரி சுபாங்கிலேயே தங்க வேண்டும். ஆறு மணிக்குள் பதில் சொன்னால் போதும்.

பவித்ரன் பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டான். முகத்தில் லேசாக ஒரு தெளிவு வந்ததைப் பிரமிளா கவனித்தாள்.

"நீ இங்கேயே தங்கு. நான் தனியா ஆஸ்பத்திரிக்குப் போய்க்கிறேன்."

"போவியா?"

"போவேன்லா."

"என் முகத்தைப் பார்த்துச் சொல்லு."

அவன் வேறு பக்கம் பார்த்தான்.

"அப்ப அத்தைகிட்ட சொல்றேன். அவங்க கூட்டிட்டுப் போவாங்க."

"வேணாம். அம்மா தாங்காது. அப்பா ஆக்சிடென்ட்ல போனதுக்கே ஒரு வருஷம் சரியாச் சாப்பிடல. நான் பதினோரு வயசுப் பையன், நான்தான் ஊட்டி விட்டேன். சொல்லாதே பிரமிளா."

இத்தனை வருடத்தில் அவன் வேண்டாம் என்று சொன்ன ஒன்றை அவள் செய்ததில்லை. அவனைக் காரில் உட்காரச் சொல்லிவிட்டு, நாலு வண்டி தள்ளிப் போய் நின்று அத்தையை அழைத்தாள்.

தேர்வில் தேறியதை முதலில் சொன்னாள். முத்தம்மா சாமிப் பெயரை முணுமுணுப்பது கேட்டது. பிறகு மற்றதைச் சொன்னாள். ஈசிஜி, மாடிப்படி, தவறவிட்ட எட்டரை மணி, எதையும் மறைக்கவில்லை.

அத்தை அழுவாள் என்று எதிர்பார்த்தாள். முத்தம்மா அழவில்லை.

"அவன் பக்கத்துல இருக்கானா?"

"இல்ல அத்தே. கார்ல இருக்காரு."

"அவங்க அப்பா பைக்குல விழுந்து சாகலம்மா."

பிரமிளாவுக்குப் புரியவில்லை. "என்ன அத்தே?"

"விழுந்தது நெசம். ஆனா நெஞ்சு நின்ன பிறகுதான் விழுந்தாருன்னு ஆஸ்பத்திரியில டாக்டர் என்கிட்ட சொன்னாரு. அவருக்கு நாப்பத்திரண்டு வயசு. அவரோட அண்ணன் உடையப்பனும் அதே மாதிரிதான் போனாரு, நாப்பதுகூட ஆகல. பவி சின்னப் பிள்ளை. ஆக்சிடென்ட்னே நெனச்சுக்கட்டும்னு விட்டுட்டேன்."

முத்தம்மா மூச்சு வாங்கினாள்.

"ப்ளேன் படிப்புக்குப் போறப்போ ஃபாரத்துல கேட்டிருந்தாங்க, வீட்டுல யாருக்காவது நெஞ்சு வியாதி இருக்கான்னு. என்கிட்டதான் வந்து கேட்டான். யாருக்கும் இல்லன்னு சொன்னேன். எழுதினா சேர்த்துக்க மாட்டாங்களோன்னு பயம். தோட்டத்துல பிறந்த பிள்ளை, மேல பறக்கப் போறான்னு ஆசை. பெத்த தாயே அவனைப் பொய் எழுத வச்சுட்டேன்."

தூரத்தில் ஓடுபாதையிலிருந்து ஒரு விமானம் இரைச்சலோடு கிளம்பியது.

"இது டாக்டருக்குத் தெரியணும்ல?" என்றாள் முத்தம்மா.

"கண்டிப்பாத் தெரியணும் அத்தே. ஸ்கேனுக்கு முன்னாடியே."

"அப்ப இன்னைக்கே அவன்கிட்ட நான் சொல்லணும். எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நீ பக்கத்துல இருந்தா சொல்லிடுவேன். இருப்பியாம்மா?"

பிரமிளா மணியைப் பார்த்தாள். ஐந்து நாற்பத்திரண்டு. கார்க் கண்ணாடிக்குப் பின்னால் பவித்ரன் கண்ணிமைக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்பாவைப் பற்றித் தெரியாதவன் இந்த நிமிடம் அவன் ஒருவன்தான்.

"இருக்கேன் அத்தே. ரெண்டு பேரும் வாரோம். நான்தான் ஓட்டுறேன், பயப்படாதீங்க."

அழைப்பைத் துண்டித்தாள். அழுதுகொண்டு நின்றால் மனசு மாறிவிடும் என்று பயந்து, நாளைக்கு வர முடியாது என்று சொல்ல உடனே பயிற்சி அலுவலகத்தின் எண்ணை அழுத்தினாள். மறுமுனையில் மணி அடிக்கத் தொடங்கியது.

கார்க் கதவு திறந்தது. "அம்மா என்ன சொல்லுச்சு?" என்று கேட்டபடி பவித்ரன் அவளை நோக்கி நடந்து வந்தான்.